லோடு வண்டியின் ஆக்ஸில் விகிதம்: டீசலையும் இழுவையையும் முடிவு செய்யும் ஓர் எண்

காய்கறி, நெல், கரும்பு, பூ என எது விளைந்தாலும் அதைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவில் டீசல் பெரிய செலவு. அதனால்தான் சொந்தமாக லோடு வண்டி வாங்க நினைக்கும் விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் முதலில் 'மைலேஜ் எவ்வளவு தரும்?' என்று கேட்கிறார்கள். எத்தனை டன் ஏற்றலாம், இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், டயர் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் விசாரிக்கிறார்கள். 'பின் ஆக்ஸில் விகிதம் என்ன?' என்று மட்டும் பலரும் கேட்பதில்லை.

ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ், ஒரே டயர் உள்ள இரண்டு லாரிகள் 60 கி.மீ. வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் இன்ஜின் நிமிடத்துக்கு 1,830 சுற்று சுற்றுகிறது. மற்றதன் இன்ஜின் 2,135 சுற்று சுற்றுகிறது. இந்த 305 சுற்று வித்தியாசத்துக்குக் காரணம், பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத்தில் ஒரே ஒரு பல் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதுதான். அந்த ஒரு பல் டீசல் செலவையும், மலைப்பாதையில் இழுவையையும், கிளட்ச் பிளேட்டின் ஆயுளையும் எப்படி மாற்றுகிறது, உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

ஆக்ஸில் விகிதம் என்றால் என்ன?

ஆயில் இன்ஜினில் பெல்ட் போட்டு பம்பு ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இன்ஜினில் சிறிய புல்லியும் பம்பில் பெரிய புல்லியும் இருந்தால், இன்ஜின் பல முறை சுற்றும்போது பம்பு சில முறைதான் சுற்றும். வேகம் குறையும், அதற்கு ஈடாகத் திருப்பும் விசை கூடும்.

லாரியின் பின் ஆக்ஸிலிலும் நடப்பது இதுதான். கியர்பாக்ஸிலிருந்து வரும் புரோப்பல்லர் ஷாஃப்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீல் டிஃபரென்ஷியல் வழியாகச் சக்கரங்களைச் சுற்றுகிறது. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதே ஆக்ஸில் விகிதம்.

கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் இருந்தால் 41 ÷ 7 = 5.86. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 5.86 முறை சுற்ற வேண்டும். பினியனில் 6 பல் மட்டும் இருந்தால் 41 ÷ 6 = 6.83. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 6.83 முறை சுற்ற வேண்டும்.

'ஹை ரேஷியோ', 'லோ ரேஷியோ' என்று பட்டறையில் ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம். இதை மட்டும் மனதில் வையுங்கள்: எண் பெரிதானால் இழுவை கூடும், இன்ஜின் சுற்றும் கூடும். எண் சிறிதானால் இழுவை குறையும், இன்ஜின் சுற்றும் குறையும்.

60 கி.மீ. வேகத்தில் கணக்கு எளிது

மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்கு ஒரு கி.மீ. அதனால் 60-ல் போகும்போது டாக்கோமீட்டர் காட்டும் ஆர்.பி.எம்.தான், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இன்ஜின் சுற்றும் மொத்தச் சுற்றும். கணக்கு இப்படி:

60 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுற்று = 1000 ÷ டயரின் சுற்றளவு மீட்டரில் × ஆக்ஸில் விகிதம் × டாப் கியர் விகிதம்

லாரி டயரின் சுற்றளவு 3.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு டயர் 1000 ÷ 3.2 = 312.5 முறை சுற்றும். டாப் கியர் நேரடி கியராக இருந்தால் அதன் விகிதம் 1. அதாவது இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்.

5.86 ஆக்ஸிலுக்கு: 312.5 × 5.86 = ஏறத்தாழ 1,830 சுற்று.
6.83 ஆக்ஸிலுக்கு: 312.5 × 6.83 = ஏறத்தாழ 2,135 சுற்று.

மற்ற வேகங்களுக்கு, இந்த எண்ணை அந்த வேகத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் போதும்.

- 50 கி.மீ.: 5.86 ஆக்ஸிலில் 1,525 / 6.83 ஆக்ஸிலில் 1,780
- 60 கி.மீ.: 5.86 ஆக்ஸிலில் 1,830 / 6.83 ஆக்ஸிலில் 2,135
- 70 கி.மீ.: 5.86 ஆக்ஸிலில் 2,135 / 6.83 ஆக்ஸிலில் 2,490
- 80 கி.மீ.: 5.86 ஆக்ஸிலில் 2,440 / 6.83 ஆக்ஸிலில் 2,845

ஒரு வண்டி 70-ல் போகும்போது சுற்றும் அதே 2,135 சுற்றில் மற்றது 60-ல்தான் போகிறது. இன்ஜின் 2,500 சுற்றுக்கு மேல் போகாதபடி அமைக்கப்பட்டிருந்தால், 6.83 ஆக்ஸில் உள்ள வண்டி 70 கி.மீ.யைத் தாண்டாது. 'இந்த வண்டி 70-க்கு மேல் போகவே மாட்டேங்குது, இன்ஜின் வீக்' என்று சிலர் இன்ஜினைப் பிரிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் ஆக்ஸில் விகிதத்தைப் பாருங்கள்.

இப்போது பல வண்டிகளில் டாப் கியர் ஓவர் டிரைவாக வருகிறது. அதன் விகிதம் 1-க்கும் குறைவு. 0.8 என்று வைத்தால், 6.83 ஆக்ஸிலோடும் 60-ல் இன்ஜின் 2,135 × 0.8 = ஏறத்தாழ 1,710 சுற்றுதான் சுற்றும். எனவே ஆக்ஸில் விகிதத்தை மட்டும் தனியாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டாப் கியர் விகிதத்தையும் டயர் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சின்ன பிக்கப் வண்டிக்கும் இதே கணக்குதான். டயர் சுற்றளவு 2.2 மீட்டர், ஆக்ஸில் 4.3, டாப் கியர் 0.8 என்று வைத்தால் 60-ல் சுமார் 1,560 சுற்றும், 80-ல் சுமார் 2,085 சுற்றும் வரும்.

சுற்று குறைந்தால் டீசல் ஏன் குறைகிறது?

ஒரே பாரத்தோடு ஒரே வேகத்தில் போகும் இரண்டு வண்டிகளுக்கும் சக்கரத்தில் தேவைப்படும் சக்தி ஒன்றுதான். காற்றைத் தள்ள வேண்டும், டயரை உருட்ட வேண்டும். இதில் ஆக்ஸில் விகிதம் எதையும் மாற்றாது.

ஆனால் இன்ஜின் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தனக்கென்று கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கிறது. பிஸ்டன் ரிங் சிலிண்டரில் உராய்கிறது, பேரிங்குகள் உராய்கின்றன, ஆயில் பம்பும் தண்ணீர் பம்பும் விசிறியும் சுற்றுகின்றன. வண்டி பாரத்தோடு போனாலும் காலியாகப் போனாலும் இந்தச் செலவு உண்டு. சுற்று கூடினால் இதுவும் கூடும்.

களத்திலிருந்து வீட்டுக்கு நெல் சுமப்பதை நினைத்துப் பாருங்கள். அரை மூட்டை, அரை மூட்டையாகச் சுமந்தால் நடையே அதிகமாகி ஆள் களைத்துவிடுவார். முழு மூட்டையாகச் சுமந்தால் நடை பாதியாகும், வேலையும் முடியும். அதற்காக ஒரே நேரத்தில் மூன்று மூட்டையை முதுகில் ஏற்றினால் முதுகு ஒடிந்துவிடும். இன்ஜினும் அப்படித்தான். அதிகச் சுற்றில் லேசாகத் தள்ளுவது வீண் நடை. சரியான சுற்றில் நன்றாகத் தள்ளுவது சிக்கனம். மிகக் குறைந்த சுற்றில் பெரும் பாரத்தைத் தள்ளச் சொன்னால் அது சேதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2,135 சுற்று 1,830 ஆகக் குறைவது ஏறத்தாழ 14 சதவீதம். அதனால் டீசலும் 14 சதவீதம் குறையும் என்று நினைக்காதீர்கள். காற்றுக்கும் டயருக்கும் போகும் டீசல் அப்படியே இருக்கும். இன்ஜின் தனக்காகச் செலவழிக்கும் பங்கில்தான் குறையும். 'கிரவுன் மாற்றினால் மைலேஜ் ஒரே தூக்காகத் தூக்கும்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சுற்று குறைந்தால் எல்லாம் நல்லதா?

இல்லை. ஆக்ஸில் எண் குறைந்தால் இழுவையும் அதே விகிதத்தில் குறைகிறது. 41/6 ஆக்ஸில், 41/7 ஆக்ஸிலைவிட ஏறத்தாழ 17 சதவீதம் அதிகமாக இழுக்கும்.

இதை எடையில் பார்ப்போம். வண்டியும் சரக்குமாக மொத்தம் 14 டன்னோடு ஒரு மேட்டில் முதல் கியரில் தட்டுத்தடுமாறிக் கிளம்பும் 41/6 வண்டிக்கு 41/7 போட்டால், அதே மேட்டில் அதே சிரமத்தோடு 12 டன்னைத்தான் கிளப்பும். மீதி 2 டன்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப டிரைவர் கிளட்சை அரைகுறையாக விட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பார். பிளேட் கருகும் வாடை வரும். நெடுஞ்சாலையில் மிச்சப்படுத்திய டீசல் காசு கிளட்ச் பிளேட்டுக்கும் பட்டறைக்கும் போய்விடும்.

ஓடும்போதும் சிக்கல் உண்டு. சின்ன ஏற்றம் வந்தாலே சுற்று விழும். டிரைவர் ஒரு கியர் குறைக்க வேண்டும். குறைக்காமல் டாப் கியரிலேயே மிதித்தால் இன்ஜின் அடித்துக்கொள்ளும், கரும்புகை வரும், சூடேறும், கிராங்க் பேரிங்குகளில் அளவுக்கு மீறிய அழுத்தம் விழும். குறைந்த சுற்றில் முக்கிக்கொண்டு ஓடும் வண்டி, சரியான சுற்றில் ஓடும் வண்டியைவிட அதிக டீசல் குடிக்கவும் கூடும்.

எனவே இன்ஜின் நல்ல இழுவை தரும் சுற்றுக்குள், நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகம் அமைய வேண்டும் என்பதே குறிக்கோள். பெரும்பாலான லாரிகளின் டாக்கோமீட்டரில் இந்தச் சுற்று பச்சைப் பட்டையாகக் குறிக்கப்பட்டிருக்கும். டாப் கியரில், வழக்கமான பாரத்தோடு, வழக்கமான வேகத்தில் போகும்போது முள் பச்சைப் பட்டையின் நடுவில் நின்றால் உங்கள் ஆக்ஸில் விகிதம் சரி. பட்டையைத் தாண்டி நின்றால் எண் பெரிது. பட்டைக்குக் கீழே போய், அடிக்கடி கியர் குறைக்க வேண்டியிருந்தால் எண் சிறிது.

எந்தப் பாதைக்கு எது பொருந்தும்?

*நீண்ட சமவெளிச் சாலை:* ஓசூரிலிருந்து சென்னை கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றுபவர்களுக்குச் சுமார் 300 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் சீரான தேசிய நெடுஞ்சாலை. மணிக்கணக்கில் டாப் கியரிலேயே போகலாம். ஒரு கிலோமீட்டருக்கு 305 சுற்று குறைந்தால் ஒருவழிப் பயணத்தில் மட்டும் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் மிச்சம். சிறிய எண் ஆக்ஸிலோ, ஓவர் டிரைவ் கியர்பாக்ஸோ இங்கே கைகொடுக்கும்.

*மலைப்பாதை:* தாளவாடி விவசாயிகள் முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் வர திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். திரும்பும்போது உரமோ தீவனமோ ஏற்றினால் அதே வளைவுகளை ஏற வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலும் இதே நிலைதான். இங்கே பெரிய எண்தான் பாதுகாப்பு. ஏறும்போது இழுவைக்காக மட்டுமல்ல, இறங்கும்போதும் அது உதவும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் அல்லவா? ஒரே கியரில் பெரிய எண் ஆக்ஸில் வண்டியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சிறிய எண் ஆக்ஸில் உள்ள வண்டியை ஒரு கியர் குறைத்தே இறக்க வேண்டும். இல்லையென்றால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு.

டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறக்குவதை அறவே விடுங்கள். இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க டீசல் செலவாகும். மிச்சமும் இல்லை, உயிருக்கும் ஆபத்து.

*வயலும் கிராமச் சாலையும்:* கரும்பு வெட்டும் வயலுக்குள்ளேயே வண்டியை விட்டு லோடு ஏற்றுபவர்களும், நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பத்து, இருபது கி.மீ. மட்டும் ஓட்டுபவர்களும் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதே அரிது. ஈர மண்ணில் முழு லோடோடு கிளம்புவதுதான் இங்கே பெரிய வேலை. நெடுஞ்சாலைக்கு ஏற்ற சிறிய எண் இவர்களுக்கு எந்த லாபமும் தராது, கிளட்ச் செலவுதான் மிஞ்சும்.

*கலந்த பாதை:* வாரத்தில் சில நாள் மலை, சில நாள் சமவெளி என்றால், கடினமான பாதைக்குப் பொருந்தும் விகிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து டீசலைச் சேமிக்கலாம். மலையில் இல்லாத இழுவையை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

உங்கள் வண்டியின் விகிதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். சில வண்டிகளின் ஆக்ஸில் ஹவுசிங்கில் தகடு இருக்கும், அதில் 41/7 என்பது போலப் பல் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் கிரவுன் பினியனை மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. எனவே ஓட்டிப் பார்த்து உறுதி செய்வதே நல்லது.

1. டயரில் காற்றைச் சரியான அளவில் நிரப்புங்கள். வழக்கமான லோடோடு சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

2. டயர் சரியாக இரண்டு சுற்று சுற்றும்வரை வண்டியை மெதுவாக நகர்த்தி, மறுபடி தரையில் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து பாதியாக்கினால் அதுதான் டயர் சுற்றளவு.

3. போக்குவரத்து குறைவான நேரான சாலையில், டாப் கியரில், 60 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டுங்கள். வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர் செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துச் சொல்லட்டும். டயர் மாறியிருந்தால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும். ஓட்டுபவர் செல்போனைப் பார்க்கக் கூடாது.

4. அப்போது டாக்கோமீட்டர் காட்டும் சுற்றை டயர் சுற்றளவால் பெருக்கி, 1000-ஆல் வகுங்கள். அதை டாப் கியர் விகிதத்தால் வகுத்தால் ஆக்ஸில் விகிதம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக 2,135 × 3.2 ÷ 1000 = 6.83. டாப் கியர் விகிதம் 1 என்றால் இதுவே விடை.

டாக்கோமீட்டர் இல்லாத வண்டியா? பட்டறையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை ஸ்டாண்டில் தாங்கவைத்து மெக்கானிக்கை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கச் சக்கரம் தரையில் நிற்க, மறுபக்கத்தை மட்டும் தூக்கிச் சுற்றினால் ஒரு நுணுக்கம் உண்டு. டிஃபரென்ஷியல் காரணமாக, தூக்கிய சக்கரம் இரண்டு முறை சுற்றினால்தான் கிரவுன் ஒரு முறை சுற்றும். எனவே சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று எண்ண வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

மாற்றலாமா? முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். போக வர 600 கி.மீ., இப்போதைய மைலேஜ் லிட்டருக்கு 5 கி.மீ., டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைப்போம். ஒரு நடைக்கு 120 லிட்டர். ஆக்ஸிலை மாற்றி மைலேஜ் 5.2 ஆனால் 115.4 லிட்டர். மிச்சம் 4.6 லிட்டர், அதாவது சுமார் 425 ரூபாய். மாதம் 10 நடை போனால் சுமார் 4,250 ரூபாய். மெக்கானிக் சொல்லும் மொத்தச் செலவை இந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். செலவு 60,000 ரூபாய் என்றால் 14 மாதத்துக்கு மேல் ஆகும். மாதம் இரண்டு நடை மட்டுமே போகிறவருக்கு ஆறு ஆண்டுகள் ஆனாலும் செலவு ஏறத்தாழ அப்போதுதான் திரும்பும். இந்த எண்களுக்குப் பதில் உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மாற்றுவதென்று முடிவு செய்தால் இவற்றைக் கவனியுங்கள்:

- கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசிச் சேர்த்துத் தயாராகின்றன. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஒரு வண்டியின் கிரவுனையும் வேறொரு வண்டியின் பினியனையும் சேர்த்துப் போட்டால் ஊளைச் சத்தம் வரும், சீக்கிரம் பல் உதிரும்.
- பற்களுக்கு இடையிலான இடைவெளியையும் பேரிங் இறுக்கத்தையும் அளவுக் கருவி வைத்துச் சரிசெய்யத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள்.
- தயாரிப்பு நிறுவனம் உங்கள் மாடலுக்கு அனுமதித்த விகிதத்தையே போடுங்கள். பி.எஸ்.6 வண்டிகளில் இன்ஜின், வேகக் கட்டுப்பாடு, பிரேக் எல்லாம் மின்னணு முறையில் இணைந்திருப்பதால், டீலரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். வாரண்டியும் போகலாம்.
- நான்கு சக்கர இழுவை உள்ள பிக்கப் என்றால் முன், பின் இரண்டு ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.
- ஆக்ஸிலை மாற்றாமல் பெரிய டயர் போட்டாலும் இன்ஜின் சுற்று குறையும். ஆனால் இழுவையும் குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். அனுமதித்த அளவைத் தாண்டிய டயர் வேண்டாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் கவனத்துக்கு

விலை மலிவாகக் கிடைக்கிறது என்று, ஜல்லி, மண் அடித்த டிப்பரை வாங்கி பாடி மாற்றி காய்கறி ஏற்றுபவர்கள் உண்டு. டிப்பர்கள் குவாரி மேட்டில் முழு லோடோடு ஏறுவதற்காகவே பெரிய எண் ஆக்ஸிலோடு வருகின்றன. அதே வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டினால் இன்ஜின் எப்போதும் உச்சச் சுற்றில் கத்திக்கொண்டே ஓடும். வாங்கும்போது மிச்சமான பணம் டீசல் பங்கில் கரையும். எதிர்ப்பக்கமும் உண்டு. நெடுஞ்சாலையில் பார்சல் ஏற்றி ஓடிய வண்டி மைலேஜ் நன்றாகத் தருகிறதே என்று வாங்கி மலைக்குக் கொண்டுபோனால் கிளட்ச் தாங்காது.

எனவே பேரம் முடிப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வண்டி இதுவரை என்ன வேலை செய்தது? ஆக்ஸில் விகிதம் என்ன, அது கம்பெனி போட்டதா, பிறகு மாற்றியதா? டாப் கியர் நேரடி கியரா, ஓவர் டிரைவா? பிறகு லோடோடு 60-ல் ஓட்டிச் சுற்றைப் பாருங்கள். காலி வண்டியை ஓட்டிப் பார்த்து இழுவையை முடிவு செய்ய முடியாது.

செலவே இல்லாத வழி

ஆக்ஸிலைத் தொடாமல் இன்ஜின் சுற்றைக் குறைக்க எல்லோராலும் முடிந்த ஒரு வழி இருக்கிறது. 6.83 ஆக்ஸில் வண்டியை 60-க்குப் பதில் 51 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், அது 5.86 ஆக்ஸில் வண்டி 60-ல் சுற்றும் அதே சுற்றில் ஓடும். போதாததற்கு, வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், வேகம் குறைந்தால் அதிலும் டீசல் மிச்சம். 300 கி.மீ. பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே கூடுதலாகும். விடியற்காலைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக லோடு ஏற்றிக் கிளம்பினால் சரியாகிவிடும்.

அடுத்த நடைக்குக் கிளம்பும்போது ஒரு நோட்டில் மூன்று எண்களை எழுதிவையுங்கள்: ஏற்றிய எடை, டாப் கியரில் 60-ல் காட்டிய சுற்று, போட்ட டீசல். ஐந்தாறு நடைக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால், உங்கள் வண்டிக்கு ஆக்ஸிலை மாற்ற வேண்டுமா, ஓட்டும் முறையை மட்டும் மாற்றினால் போதுமா என்பது யாரையும் கேட்காமலே விளங்கிவிடும்.